வடிந்துகொண்டே இருக்கும் பாதப் புண்: எதைக் கொண்டு கட்டுவது?

காலையில் போட்ட கட்டு மதியச் சாப்பாட்டுக்குள் ஊறிவிடுகிறது. பேண்டேஜின் வெளிப்புறத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிகிறது. சாயங்காலத்துக்குள் ஈரம் செருப்பு வரை இறங்கிவிடுகிறது. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்தில் புண் வந்த வீடுகளில் இது அன்றாடக் காட்சி. வீட்டார் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கிறார்கள், இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள், மருந்துக் கடைக்குப் போய் நன்றாக உறிஞ்சுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கடையில் எடுத்து வைக்கப்படும் பொருள்களுக்குள் விலை பத்து மடங்குக்கு மேலும் வேறுபடும். எதை வாங்குவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய நீரிழிவுக் கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று தெரிந்தது. இவர்களில் ஒரு சிறு பங்கினருக்குப் பாதத்தில் புண் வந்தாலும் அது பல லட்சம் குடும்பங்களின் பிரச்சினை. ஆகவே கட்டுத்துணியைப் பற்றிய கேள்வி சின்னக் கேள்வி அல்ல. அந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. எதை வைத்துக் கட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. இவ்வளவு நீர் ஏன் வடிகிறது என்பதே முதல் கேள்வி.

புண்ணிலிருந்து நீர் வடிவது இயல்புதான். காயம் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி புரதங்களோடும் வெள்ளை அணுக்களோடும் வெளியே கசிகிறது. கிருமியோடு போராடவும் புதுத் தசை வளரவும் அந்தக் கசிவு வேண்டும். தோல் மூடியிருக்கும் இடத்தில் ஆவியாகிப் போகும் நீர் மிகக் குறைவு. தோல் இல்லாத செந்தசைப் புண்ணில் அது இருபது மடங்குக்கும் மேல் போகும். சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலமும் மூன்று சென்டிமீட்டர் நீளமும் உள்ள புண் என்றால் ஒரு நாளைக்கு மூன்று மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். சாதாரணக் காஸ் துணியும் பஞ்சும் சேர்ந்து இதைத் தாங்கிவிடும். அந்த அளவுள்ள புண் கட்டை நனைத்துச் செருப்பையும் நனைக்கிறது என்றால், புண்ணுக்கு அப்பால் வேறு ஏதோ நடக்கிறது.

அந்த வேறு ஏதோவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமித்தொற்று. நேற்று வரை அளவாக வடிந்த புண் இன்று திடீரென்று அதிகம் வடிகிறது, நிறம் மாறியிருக்கிறது, நாற்றம் வருகிறது என்றால் கட்டுத்துணியைப் பற்றி யோசிக்கும் நேரம் அதுவல்ல. சுற்றிலும் வீக்கம், சூடு, சிவப்பு, சீழ் ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே தொற்று என்று எடுத்துக்கொள்வது மருத்துவ வழக்கம். நம் ஊரின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. தோல் பளபளப்பதும், புறங்கையை வைத்துப் பார்க்கும்போது அந்த இடம் மற்றக் காலைவிடச் சூடாக இருப்பதுமே நம்பத்தகுந்த அடையாளங்கள். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. மரத்த பாதத்தில் எலும்பு வரை சீழ் பிடித்தாலும் வலிக்காமல் இருக்கலாம். மருத்துவர் நுனி மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்த்து, கல்லில் தட்டுவதுபோல் எலும்பு தட்டுப்பட்டால் எலும்புத் தொற்றைச் சந்தேகிப்பார். அப்படிப்பட்ட புண்ணை எவ்வளவு விலை உயர்ந்த உறிஞ்சுப் பொருளால் கட்டினாலும் வடிவது நிற்காது. உள்ளே தேங்கிய சீழைத் திறந்து வெளியேற்ற வேண்டும், செத்த தசையை வெட்டி எடுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் காலில் நீர் கோத்திருப்பது. இதைத்தான் வீடுகளில் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீங்கிய காலில் ஒரு துளை விழுந்தால், அந்தக் காலில் தேங்கிய நீர் முழுவதற்கும் அதுவே வாசலாகிறது. இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் கால் வீங்கும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தாலும் வீங்கும். நாள் முழுவதும் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால்கூட வீங்கும். மாத்திரைகளாலும் வீக்கம் வரும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன், கால் எரிச்சலுக்கான பிரிகாபலின் ஆகிய மூன்றுமே சிலருக்குக் காலில் நீர் கோக்கச் செய்யும். நீரிழிவு முற்றியவர்களில் இந்த மூன்றையும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. எதையும் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் புண் ஏன் இப்படி வடிகிறது என்று மருத்துவரிடம் கேட்கும்போது மாத்திரைச் சீட்டையும் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். யானைக்கால் நோயால் நிணநீர் தேங்கிய காலிலும், சுருள் சிரை நோய் நாள்பட்டுப்போன காலிலும் இதே கதைதான். அந்தக் கால்களுக்கு அழுத்தக் கட்டு போட்டு நீரை மேலேற்றினால் வடிவது குறையும்.

அழுத்தக் கட்டு போடும் முன் காலுக்கு ரத்தம் போதுமான அளவு வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ரத்தம் வராத காலை இறுக்கிக் கட்டினால் விரல்கள் கறுத்துவிடும். நீரிழிவு உள்ளவர்களின் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணம் படிந்து கெட்டிப்பட்டிருக்கும் என்பதால், கணுக்காலில் எடுக்கும் அழுத்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். கால் விரலில் அழுத்தம் எடுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

மூன்றாவது காரணம் நடை. உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு நடக்கும்போது ஒவ்வோர் அடியும் அந்தத் தசையை நசுக்குகிறது. நசுங்கிய தசை வீங்கி, வீங்கிய தசை கசிகிறது. இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். கட்டுத்துணியின் கதையில் மிக முக்கியமான இடம் அதுதான்.

காரணங்களைக் கவனித்த பிறகும் புண் சில வாரங்களுக்கு வடியத்தான் செய்யும். அப்போது எதை வைப்பது? இதற்கு விடை தேட, ஈரமான புண் நல்லதா காய்ந்த புண் நல்லதா என்ற பழைய சர்ச்சைக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது. காற்றுப் படட்டும், பொருக்குக் கட்டட்டும் என்பதுதான் நம் வீடுகளின் நம்பிக்கை. உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிக் குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குக் கட்டிய இடத்தில் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டியிருந்தது. ஈரமான இடத்தில் அவை நேராக ஊர்ந்து சென்றன. இன்றைய கட்டுப்பொருள் தொழில் முழுவதும் அந்த ஆய்விலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம்.

விண்டர் பார்த்தது புத்தம் புதிய, நல்ல ரத்த ஓட்டமுள்ள, மேலோட்டமான காயம். மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரைப் புண்ணின் நீர் வேறு குணம் கொண்டது. புதுக் காயத்தின் கசிவு செல்களை வளரத் தூண்டுகிறது. நாள்பட்ட புண்ணின் கசிவு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. அதில் புரதத்தை அரிக்கும் நொதிகள் மிகுதியாக இருப்பதால், வளர்ச்சிக்கு உதவும் பொருள்களையும் புதிதாக நெய்யப்படும் தசை இழைகளையும் அவை கரைத்துவிடுகின்றன. அதே நீர் சுற்றியிருக்கும் நல்ல தோலில் தேங்கினால் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, புண் அகலமாகிறது. ஆக, இங்கே நோக்கம் இரட்டையானது. புண்ணின் தரை ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அதன்மேல் நீர் தேங்கக் கூடாது. வடியும் புண்ணுக்குக் கட்டுப்பொருள் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைப் பிடிப்பதுதான்.

பொருள்களுக்கு வருவோம். காஸ் துணிக்குள் பஞ்சை வைத்துத் தைத்த கனத்த பட்டையை 1880இல் பர்மிங்ஹாம் அறுவை மருத்துவர் சாம்சன் காம்ஜி கொண்டுவந்தார். நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் பயன்படும் பஞ்சுப் பட்டை அதன் வாரிசுதான். மலிவானது, நன்றாக உறிஞ்சும். அதன் குறை, உறிஞ்சிய நீரைப் பிடித்து வைக்கத் தெரியாதது. அழுத்தினால் நீர் திரும்ப வெளியே வந்துவிடும். வடிவது குறையும்போது காஸ் இழைகள் புண்ணில் ஒட்டிக் காய்ந்துவிடும். பிய்த்து எடுக்கும்போது புதுத் தசையும் சேர்ந்து வரும். மரத்த காலில் வலிக்காது என்பதால் அந்தச் சேதம் யாருக்கும் தெரிவதுகூட இல்லை.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டுக்குத் தமிழகக் கடற்கரையோடு ஓர் உறவு உண்டு. மண்டபம், ராமேஸ்வரம் பகுதியில் கட்டக்கோரை என்று அழைக்கப்படும் பழுப்புப் பாசியைப் பல பத்தாண்டுகளாகச் சேகரித்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் துணி அச்சிடுதல் போன்ற தொழில்களுக்குப் போகிறது. மருத்துவக் கட்டுக்கான ஆல்ஜினேட் இன்னும் தூய்மையாக்கப்பட்டு, நூலாக இழுக்கப்பட்டு, பஞ்சு மெத்தைபோல் அமைக்கப்பட்டது. அதன் இழைகளில் கால்சியம் இருக்கிறது. புண் நீரில் உள்ள சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இழை இளகிக் கூழாகிறது. தன் எடையைப்போல் 15 முதல் 20 மடங்கு நீரை அது உறிஞ்சும். கால்சியம் வெளிப்படுவதால் சிறிய ரத்தக் கசிவும் நிற்கும். ஆனால் உறிஞ்சிய நீர் இழைகள் வழியே பக்கவாட்டிலும் பரவும். புண்ணின் விளிம்பைத் தாண்டி வைத்துவிட்டால் நல்ல தோலும் ஊறிப்போகும். புண்ணின் அளவுக்கே வெட்டி வைக்க வேண்டும். குழிப்புண்ணுக்குள் வைக்கும்போது தளர்வாக வைக்க வேண்டும். ஊதிப் பெருக இடம் வேண்டும் என்பது ஒரு காரணம், திணித்தால் அதுவே உள்ளிருந்து அழுத்தும் என்பது இன்னொரு காரணம்.

கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் இழைகளால் ஆன ஹைட்ரோஃபைபர் 1990களில் வந்தது. அதுவும் கூழாகும். ஆனால் நீர் அதற்குள் மேல்நோக்கி ஏறி இழைக்குள்ளேயே அடைபடுகிறது, பக்கவாட்டில் அதிகம் பரவுவதில்லை. விளிம்புத் தோல் ஏற்கெனவே வெளுத்துப்போன பாதத்துக்கு நான் ஆல்ஜினேட்டைவிட இதையே விரும்புவேன்.

பாலியூரித்தேன் ஃபோம் பட்டை மெத்தென்று இருக்கும். நீரை உறிஞ்சி, பின்பக்கப் படலம் வழியே ஆவியாக விட்டுவிடும் என்று அதன் உறை சொல்கிறது. படுக்கையில் இருப்பவரின் காலில் அது உண்மை. சாக்ஸுக்கும் ஷூவுக்கும் உள்ளே, அல்லது மாவுக்கட்டுக்கு உள்ளே ஆவி எங்கே போகும்? ஆய்வுக்கூடத்தில் அளந்த அந்தத் திறன் பாதத்தில் பாதிகூடக் கிடைக்காது. மேலும் ஃபோமின் மேல் உடல் எடை விழுந்தால் உறிஞ்சிய நீரின் ஒரு பகுதி பிழிந்து வெளியே வரும். வயிற்றுக் காயத்துக்கோ முழங்கால் கீழுள்ள காயத்துக்கோ நல்ல கட்டு உள்ளங்காலுக்கு நல்ல கட்டாக இருக்க வேண்டியதில்லை. கட்டுப்பொருள் விற்பனைத் தாள்களில் இந்த வேறுபாட்டைத் தேடினாலும் காண முடிவதில்லை.

குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்களைக் கொண்ட அதி உறிஞ்சுப் பட்டைகள்தான் இன்று மிக அதிக நீரைத் தாங்குகின்றன. அழுத்தினாலும் எளிதில் திருப்பித் தராது. அதன் சிக்கல் பருமன். ஊறிய பட்டை உப்பிக் கட்டியாகிவிடும். கட்டியின் மேல் காலை ஊன்றினால் புண்ணுக்கு நேரே புது அழுத்தம். ஆகவே பாதத்தின் மேற்புறத்துக்கும் கணுக்காலுக்கும் கீழ்க்காலுக்கும் இது ஏற்றது. உள்ளங்காலில் வைத்தால் அந்தக் கால் தரையில் படக் கூடாது. செலவுக்குப் பயந்து சானிட்டரி நாப்கினை வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அது கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல என்பதால் புண்ணைத் தொடக் கூடாது. ஸ்டெரைல் கட்டுக்கு மேலே, வெளி அடுக்காக வைக்கலாம். அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள் ஆவியை அடைத்துத் தோலை ஊறச் செய்யும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். அதிகம் வடியும் புண்ணை ஒட்டும் படலத்தாலோ ஹைட்ரோகொலாய்டு தகட்டாலோ மூடக் கூடாது. ஹைட்ரோஜெல் ஈரம் சேர்க்கும் பொருள், இங்கே வேலையில்லை. மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், கடையில் விற்கும் ஆன்டிபயாடிக் பவுடர் எல்லாம் ஒரே காரணத்துக்காகக் கெடுதல். நீரோடு குழைந்து கெட்டியாகி வாயை அடைத்துவிடும். வடிவது நின்றதுபோல் தோன்றும், உள்ளே தேங்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் 1915இல் எடின்பரோவில் பிறந்த யூசோல் கரைசலும் கிருமியோடு புதுத் தசையையும் கொல்லும். தினமும் புண்ணைக் கழுவ மருத்துவமனை உப்பு நீர் போதும்.

இத்தனை பொருள்களில் எது புண்ணை வேகமாக ஆற்றுகிறது? இதைக் கேட்டுத்தான் பிரிட்டனில் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. வில்லியம் ஜெஃப்கோட் தலைமையில் 2009இல் வெளியானது. நீரிழிவுப் பாதப் புண் உள்ள 317 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒட்டாத சாதாரண வலைத்துணி, இன்னொன்றுக்கு அயோடின் ஊட்டிய துணி, மூன்றாவதுக்கு விலை உயர்ந்த ஹைட்ரோஃபைபர். 24 வாரத்துக்குள் புண் ஆறியவர்கள் முறையே நூற்றுக்கு 38.7, 44.4, 44.7 பேர். புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. கோக்ரேன் அமைப்பு 2015இல் பல ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தும், ஒன்று மற்றொன்றைவிட உறுதியாக மேல் என்று சொல்ல முடியவில்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவும் தன் வழிகாட்டல்களில் கசிவைக் கட்டுப்படுத்தும் திறன், நோயாளியின் வசதி, விலை ஆகிய மூன்றை வைத்தே கட்டுப்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. புண்ணை ஆற்றும் என்ற நோக்கத்தோடு மட்டும் வெள்ளி கலந்ததையும் தேன் கலந்ததையும் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற உப்பு சேர்த்த கட்டுத்துணி, அரிக்கும் நொதிகளை மட்டுப்படுத்துகிறது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 240 பேரிடம் நடந்து 2018இல் வெளியான எக்ஸ்ப்ளோரர் ஆய்வில், 20 வாரத்தில் புண் மூடியவர்கள் அந்தத் துணியில் நூற்றுக்கு 48 பேர், அதே துணி உப்பு இல்லாமல் போடப்பட்டவர்களில் 30 பேர். உணர்வும் குறைந்து ரத்த ஓட்டமும் ஓரளவு குறைந்த, தொற்று இல்லாத புண்களில் கிடைத்த பலன் இது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அந்தத் துணி உறிஞ்சுவதற்கானதல்ல, அதிகம் வடிந்தால் மேலே வேறொன்று வைத்தாக வேண்டும்.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, எதை வைத்துக் கட்டினாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்குச் சிலர் வருகிறார்கள். அது தவறான முடிவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கட்டுப்பொருள் புண்ணை ஆற்றுவதில்லை என்பது உண்மை. புண்ணை ஆற்றும் வேறொரு சிகிச்சைக்கு அது இடம் கொடுக்கிறதா, தடையாகிறதா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்தச் சிகிச்சையின் வரலாறு நம் மண்ணில் தொடங்குகிறது.

1930களில் மெட்ராஸில் ஜோசப் கானும் இலங்கையில் மில்ராய் பாலும் தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்களுக்கு ஒரு புதுச் சிகிச்சையைக் கையாண்டார்கள். காலை முழங்காலுக்குக் கீழ்வரை மாவுக்கட்டில் பொருத்தி, அந்தக் கட்டோடு நடக்க விட்டார்கள். உடல் எடை புண்ணின் மேல் குவியாமல் பாதம் முழுவதிலும் கெண்டைக்காலிலும் பகிரப்பட்டது. வருடக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. 1946இல் வேலூர் வந்த பால் பிராண்ட், தொழுநோயாளியின் கைகால் அழுகுவது நோய் தசையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் அடிபட்டுக்கொண்டே இருப்பதால்தான் என்று நிறுவினார். மாவுக்கட்டுச் சிகிச்சையை அவர் 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையிலிருந்து அது நீரிழிவுப் பாதங்களுக்குப் பரவியது.

2001இல் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் நடத்திய ஒப்பீட்டில், கழற்ற முடியாத மாவுக்கட்டுப் போட்டவர்களில் 89.5 விழுக்காட்டினருக்கு 12 வாரத்துக்குள் புண் ஆறியது. கழற்றக்கூடிய பூட்ஸ் அணிந்தவர்களில் 65 விழுக்காடு, பாதிச் செருப்பு அணிந்தவர்களில் 58.3. கழற்றக்கூடியதில் என்ன குறை என்று அதே குழு பிறகு பார்த்தபோது, நோயாளிகள் தங்கள் அன்றாட நடையில் 28 விழுக்காட்டின்போதுதான் அதை அணிந்திருந்தார்கள். வீட்டுக்குள் செருப்புப் போடாத நம் வழக்கத்தில் அது இன்னும் குறையத்தான் செய்யும். சமையலறை, குளியலறை, பூஜை அறை, கோயில் பிரகாரம் எல்லாம் வெறுங்காலுக்குரிய இடங்கள். அங்கே போகும்போதெல்லாம் புண் மிதிபடுகிறது, கட்டும் தரை ஈரத்தில் நனைகிறது.

மாவுக்கட்டுக்குள் இருக்கும் கட்டைத் தினம் மாற்ற முடியாது. முதல் தடவை இரண்டு மூன்று நாளில் பிரித்துப் பார்ப்பார்கள், பிறகு வாரம் ஒரு முறை. உள்ளே வைக்கும் துணி அத்தனை நாள் நீரைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மாவுக்கட்டுக்குள் தோல் ஊறி அழுகும். ஆகவே நீர் அதிகம் வடியும் நோயாளிக்கு மாவுக்கட்டு வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, தினம் காஸ் துணி மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர் தினம் நடந்து வந்து கட்டு மாற்றிக்கொண்டு நடந்து போகிறார். நடப்பதால் வடிகிறது, வடிவதால் மாவுக்கட்டு இல்லை, மாவுக்கட்டு இல்லாததால் நடை. இந்தச் சுழலை அறுக்கும் இடத்தில்தான் நல்ல உறிஞ்சுப் பொருள் தன் விலைக்கு ஈடு செய்கிறது. தொற்று அடங்கி, ரத்த ஓட்டம் இருக்கிறது என்று உறுதியான பின் ஹைட்ரோஃபைபரை மெல்லிய அடுக்காக வைத்து, மேலே தட்டையான உறிஞ்சுப் பட்டை சேர்த்து, விளிம்புத் தோலுக்குத் துத்தநாகக் களிம்போ தடுப்புப் படலமோ பூசி, எடை இறக்கும் கட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டு தொடங்கலாம். நசுங்குவது நின்றால் இரண்டாவது வாரத்திலேயே வடிவது குறையத் தொடங்கும்.

விலையை எப்படிப் பார்ப்பது என்பதும் இங்கே மாறுகிறது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். காஸ் கட்டுக்கு 50 ரூபாய், உறிஞ்சுப் பட்டைக் கட்டுக்கு 450 ரூபாய். கடையில் பார்த்தால் ஒன்பது மடங்கு. கட்டு மாற்றப் போய்வர ஆட்டோவுக்கு 200 ரூபாய் என்றால், தினம் மாற்றும் காஸ் கட்டுக்கு வாரம் 1750 ரூபாய் ஆகிறது. வாரம் இரண்டு முறை மாற்றும் பட்டைக்கு 1300 ரூபாய். கூட வரும் மகளின் ஒரு நாள் கூலி இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. மாறாக, வீட்டிலேயே மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு, மிதமாக வடியும் புண்ணுக்குக் காஸ் கட்டே சிக்கனம். ஒரு துணி எத்தனை ரூபாய் என்று கேட்பதைவிட, ஒரு நாளைக் கடத்த எவ்வளவு ஆகிறது என்று கேட்பது சரியான கேள்வி. அரசு மருத்துவமனைகள் கொள்முதல் செய்யும்போதும் இதையே கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையுயர்ந்த கட்டுப்பொருள் எல்லோருக்கும் தேவையில்லை. அதிகம் வடிகிற, எடை இறக்கும் கட்டுப் போடப்போகிற சில நோயாளிகளுக்கு முதல் மூன்று வாரத்துக்கு அது கிடைத்தால் போதும்.

கட்டை எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. வெளி அடுக்கு வரை ஈரம் வந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். உள்ளிருந்து வெளியே வந்த ஈரப் பாதையில் கிருமி வெளியிலிருந்து உள்ளே போகும். பிரிக்கும்போது கட்டு முழுவதும் நனைந்து தோலும் ஊறியிருந்தால் பொருளின் கொள்ளளவு போதவில்லை, அல்லது இடைவெளி அதிகம். உறிஞ்சு பொருளில் பாதிக்கு மேல் காய்ந்தே இருந்தால் தேவைக்கு மேல் வைத்திருக்கிறோம்.

நான்கு வாரம் ஒரு முக்கியமான கெடு. 203 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு 12 வாரத்தில் புண் ஆறியது. சுருங்காதவர்களில் 9 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஆறியது. ஆகவே வாரந்தோறும் புண்ணின் நீள அகலத்தை அளந்து, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். நான்கு வாரத்துக்குப் பிறகும் பெரிதாக மாற்றமில்லை என்றால் வேறு கட்டுத்துணியைத் தேடுவதில் பொருளில்லை. எலும்புத் தொற்று, ரத்தக் குழாய் அடைப்பு, நோயாளி உண்மையில் எவ்வளவு நடக்கிறார் என்பது, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

வடிவது குறையும்போது பொருளையும் மாற்றியாக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீர் இல்லாத புண்ணில் ஆல்ஜினேட் கூழாகாமல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் பிய்க்காமல், உப்பு நீர் ஊற்றிச் சில நிமிடம் ஊற விட்டு எடுக்க வேண்டும். மறுநாளிலிருந்து ஒட்டாத வலைத்துணியும் மெல்லிய பட்டையும் போதும். புண் மூடிய பிறகும் முதல் வருடத்துக்குள் நூற்றுக்கு 40 பேருக்குத் திரும்ப வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டு அவிழ்க்கும் நாளிலேயே எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் அட்டை வைத்த செருப்பு கையில் இருக்க வேண்டும். வெளியே போட ஒரு ஜோடி, வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி.